கவுதாரிக்கும் ஒரு பங்கு

கூண்டின் மேல் போட்ட துணியை விலக்கும் முன் சின்னப்பன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். உள்ளே இருக்கும் கவுதாரிக்கு அது போதும். கழுத்தை நீட்டி ஓங்கிக் கத்தும். பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் புதரிலிருந்து இன்னொரு கவுதாரி பதில் கொடுக்கும். வெயில் தாழும்வரை இந்தப் பேச்சு நடக்கும்.

ஏரியோரம் மனை போட்டு விற்கும் ஒருவரிடம் அவர் காவல்காரர். சுண்ணாம்பு அடித்த எல்லைக் கல்லை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான்? ஆனாலும் காவல். மனைவி எல்லம்மா மகளோடு எண்ணூருக்குப் போய்விட்டாள். மனைகளுக்கு நடுவே எழும்பியிருக்கும் ஒரே வீட்டுச் சாவித்ரி டீச்சர், போகிற போக்கில் "சாப்பிட்டாச்சா சின்னப்பன்?" என்பதோடு சரி. பாவம், மனிதருக்கு அந்தப் புதர்க் குரல்தான் நாள் முழுவதற்கும் துணை.

தனியாகக் கிளாஸைத் தொடுவது அவருக்கு ஆகாது. எதிரில் இருப்பவருக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு. கூடக் குடித்த குப்பன் பெரும்பாக்கத்துக்கு வேலை மாறியதும் அந்தப் பங்கு கவுதாரிக்குப் போயிற்று, பிராந்தியில் ஊறிய கம்புத் தானியமாக. "நாம மட்டும் குடிச்சா நல்லாவா கீது டீச்சர்? அதுவும் நம்ப மச்சான் மாதிரிதானே" என்று நியாயம் வேறு.

சீக்கிரமே குரல் கெட்டது. கணீரென்று எழும் கத்தல் தணிந்துபோய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறியது. புதரிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது.

"இன்னா பேசுறோம்னு இதுக்கே புரியல. அங்க கீறதுக்கு எப்பிடிப் புரியும்?" என்றார் டீச்சரிடம்.

"அப்போ ஊத்திக் கொடுக்காதீங்க."

"இன்னியோட நிறுத்திட்டேன். இது தேறி வர்றதுக்குள்ள, அது வேற எடம் பாத்துகினு போயிட்டா?"

டீச்சர், வீட்டில் அடுப்பு எரிகிறது என்று போய்விட்டார்.

சின்னப்பன் வேலியோரம் வந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கவுதாரியைப் போலத் தானே கத்தினார். பின்னால் கூண்டிலிருந்து குழறலாக ஒரு பதில் வந்தது. அவர் திரும்பவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி "கொஞ்சம் இரு" என்று அதை அமர்த்திவிட்டு, மறு கையைக் காதோரம் மடித்துப் புதர்ப் பக்கம் சாய்ந்து நின்றார்.