கதவைத் தாண்டி வந்த மாமியார்

நண்பர்களே, இது இன்று மத்தியானம் முதுநகரில் என் மாமியார் வீட்டில் நடந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷமாக அவர் என் முன்னால் வந்து நின்றதில்லை. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவியிடம்தான் சொல்வார்.

இன்று இலையில் நண்டை வைத்த மனைவி, பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். என் அப்பாவுக்கு ஆகாது என்பதால் கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் நண்டே வாங்கியதில்லை. ஒரு காலோடு மல்லுக்கட்டினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "மொதல்ல கால ஒடிக்கணும்."

ஒடித்தேன். குழம்பு சட்டையில் தெறித்தது.

"பல்லால கடிக்கணும்."

கடித்தேன். பல்தான் வலித்தது.

உள்ளே சிரிப்புச் சத்தம். அப்புறம் மாமியாரே வந்து எதிரில் உட்கார்ந்தார். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து இலையோரம் வைத்தார்.

"சாப்புடுங்க மாப்ள, ஆறிடப் போவுது."

வாசலில் மனைவியின் குரல் கேட்டதும் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"அடுத்த வாரமும் மாப்ளைய வரச் சொல்லும்மா. வாள மீன் வாங்குறேன். முள்ளுதான் ஜாஸ்தி, அவுங்களுக்கு எடுக்கத் தெரியுமோ என்னமோ."

நான் ஐந்து வயதிலிருந்து கெண்டை முள் எடுத்துத் தின்று வளர்ந்தவன். இதைச் சொல்லிவிடவா, வேண்டாமா? சனிக்கிழமைக்குள் தபால் கார்டு போடுங்கள்.