அனூப் அனுப்பிய டச் போன்

போனக்காட்டு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளியே கிழவியான ரத்னாபாய்க்கு, துபாயிலிருந்து மகன் அனூப் டச் போன் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டு ஷீஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படம் நல்ல தெளிவாட்டு இருக்கு அக்கா. சார்ஜ்தான் நிக்காது. கீழ விழுந்தா தீர்ந்துது. ஆனா அவன் கூப்பிட்டா போட்டோ தெரியும், கேட்டியளா."

அந்த முகத்துக்காக ஞாயிற்றுக்கிழமை, போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் மேட்டுக்கு ரத்னாபாய் தனியே ஏறினாள். போன் மணி அடித்தது, அதன் கண்ணாடியில் மகன் சிரித்தான். ஷீஜா சொல்லித்தந்தபடி விரலை வைத்துத் தள்ளினாள். துடைத்துவிட்டுத் தள்ளினாள். வேறு விரலால் தள்ளினாள். கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன அந்த விரல்களைப் போன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மணி நின்றது. முகமும் மறைந்தது.

"பேசினியளா அக்கா?" என்று, இறங்கி வந்தவளிடம் ஷீஜா கேட்டாள்.

"போனுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள் ரத்னாபாய், விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.