பிளேடு ஓரத்தில் தெரிந்த காற்று

எங்கள் நாமக்கல் சாலையில் லாரி நின்று பிரேக் காற்றைப் புஸ்ஸென்று விடும்போதெல்லாம் எனக்குக் குமாரபாளையம் ஞாபகம் வரும். அங்கே என் தங்கை வீட்டுக்காரரின் தறிக்கூடம். நூலைச் சுமந்து குறுக்கும் நெடுக்கும் நாடா ஓடாத தறிகள். காற்றுதான் ஊடை நூலை ஊதி அக்கரை சேர்க்கும். வழிநெடுகச் சின்னத் துளையுள்ள நாசில்கள், ஆளுக்கொரு மூச்சு ஊதி, நூலை அடுத்ததிடம் ஒப்படைக்கும்.

அன்று நான் போனபோது ஒரு தறி மட்டும் நின்று நின்று ஓடியது. பாதி வழியில் நூல் சுருண்டது. அதை ஓட்டிய, கூலிக்கு வரும் அக்கா கவனமில்லாமல் ஓட்டுகிறார் என்று மாப்பிள்ளை முடிவுகட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த அக்கா சண்டை போடவில்லை. ஒரு நாசிலைக் காட்டி, இது மேலதான் சந்தேகம் என்று ஒரே பேச்சாய் நின்றார். அடைப்பு இல்லை, காற்று வருகிறது என்றார் மாப்பிள்ளை. வருகிற காற்று எந்தப் பக்கம் போகிறது என்று யார் கண்டது?

எனக்கு எதையும் பாதியில் விடுகிற புத்தி. சனிக்கோளைப் பார்க்கத் தொலைநோக்கி செய்யவென்று வாங்கி, ஒரு கோடையோடு அலுத்துப்போன குழிக்கண்ணாடி தங்கை வீட்டுப் பரணில் கிடந்தது. இறக்கினேன். கூடத்தின் பின்னறையில் ஜன்னலைச் சாக்கால் மூடி, ஒரு முனையில் கண்ணாடி. மறுமுனையில் ஊசித்துளைக்குப் பின்னால் குட்டி விளக்கு. ஒளி திரும்பிவந்து குவியும் புள்ளியில் சவரப் பிளேடு, அதன் பின்னால் என் போன். காற்று நெரிபடும் இடத்தில் ஒளி மயிரிழை வளையும். வளைந்ததைப் பிளேடு மறிக்கும், மறித்த இடம் நிழலாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தை.

அந்த அக்கா கண்ணாடி முன் கையை நீட்டி, போன் திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க, என் கையில பொகையா வருது?"

"பொகையில்லீங்க, கைச்சூடு."

கோபச் சூடாக இருக்கும் என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை.

முதலில் நல்ல நாசில் ஒன்றைக் கழற்றிவந்து, காற்றுக்குழாயில் மாட்டிக் கண்ணாடி முன் வைத்தோம். ஏர் லைனைத் திறந்ததும், மணி கோத்தது போல வெளிச்சமும் இருளும் மாறி மாறி, நக நீளத்துக்கு நேர்கோடு. அத்தனை வேகத்தில் பாய்கிற காற்று, போட்டோவுக்கு நிற்பது போல நின்றது. அடுத்தது சந்தேக நாசில். இதுவும் நேராகப் போனால் அந்த அக்கா வேலையை விட்டுப் போக வேண்டும்.

நேராகப் போகவில்லை. ஒரு மணி கூடச் சரியாகக் கோக்காமல், பக்கவாட்டில் சாய்ந்து, நூலை விட்டு விலகி எங்கோ போனது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளை ஓரத்தில் ஒரு பிசிறு.

மாப்பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் மச்சான். பஞ்சு அடச்சிருக்குதுன்னு ஸ்டவ் பின்னை உட்டுக் குத்துனேன்."

புது நாசில் மாட்டினார்கள். தறி நிற்காமல் ஓடியது. நூல் கோன் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

ஷிப்ட் முடிந்து அந்த அக்கா சோற்றுத் தூக்குப்போசியோடு கிளம்பினார். மன்னிப்பு கேட்கத் தெரியாத மாப்பிள்ளை, நாளைக்கு எந்த ஷிப்ட்டு என்று மட்டும் கேட்டார்.

"காத்தாலைக்கே வாரேனுங்க. அந்தப் பின்னை மட்டும் ஊட்டு ஸ்டவ்வுகிட்டயே வெச்சுப்போடுங்க."