அவருக்கு நான் கொடுத்த லீவு

எங்கள் தெருவில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பால்காரரிடம்கூடச் சொம்பை நீட்டுவேனே தவிர வாய் திறந்து அளவு சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச அப்போதும் கூச்சம், இப்போதும் கூச்சம். அப்படிப்பட்ட நான் இந்த வயதில், அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி இந்தியில் கத்திக்கொண்டிருந்தேன். அதுவும் கட்டின புருஷனைப் பார்த்து.

அவர் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணத்துக்கே லீவு வாங்கித்தான் வந்தார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், போவார். பென்ஷனோடு வந்த பிறகு தென்காசியில் ஒரு பாங்க் வாசலில் காவலுக்கு நின்றார். அந்த வேலையும் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு தெரு. பிறகு மகள் பெயர். ஒரு நாள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே, "நீங்க யாரும்மா?" என்று என்னைக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு குளிக்க மறுத்தார். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டார். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் வந்து கெஞ்சிப் பார்த்தாள். "யம்மா, அப்பா இப்படியே பட்டினி கெடந்தா ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிரும். கோயம்புத்தூருல இந்த மாதிரி ஆளுகள பாத்துக்கிடுத இல்லம் இருக்காம். விட்டுருவோமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வருஷத்தில் பதினோரு மாதம் அவரை எங்கேயோ விட்டுவிட்டு இருந்தவள் நான். மறுபடியுமா என்று இருந்தது.

புத்தி தடுமாறினவர்களை அருவியில் தலை கொடுக்க வைத்தால் தெளியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் தம்பி அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். சீசன் முடிகிற நேரம் என்றாலும் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆண்கள் பக்கம் தம்பி அவரைக் கைப்பிடித்து இறக்கினான். இரைச்சல் காதில் விழுந்ததுதான் தாமதம், அவர் ஈரப் பாறையில் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களையும் காலைப் பிடித்து இழுத்து, படுங்கள் படுங்கள் என்று இந்தியில் கத்தினார்.

"ஏலே, தாத்தாவுக்குக் காலையிலேயே ஏறிட்டுலே!" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, எடுக்காதே என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்து, தன் துண்டால் துடைத்துவிட்டார். "ஆச்சி, இவிய மிலிட்டரியா? பட்டாளத்து ஆபீஸ்ல போயி சொல்லுங்க. எங்க சித்தப்பாவுக்கு அவியதான் எல்லாம் பாத்தாவ" என்றார்.

பட்டாளத்து ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது, பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாநில அரசு வைத்திருக்கிற ஆபீஸ். பிள்ளைகள் படிப்பு உதவிக்கும், விதவைகள் தையல் மிஷினுக்கும் அங்கே வந்திருந்தார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரையும் முன்னால் விட்டுக்கொண்டிருந்தேன். மேஜைக்காரர், அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான், எழுந்து என்னிடம் வந்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் வழி விட்டுக்கிட்டே இருந்தியன்னா ஆபீஸப் பூட்டிட்டுப் போயிருவோம்லா."

நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். டாக்டரிடம் பேசி மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அதோடு விடாமல் அந்த வாரமே வீட்டுக்கும் வந்தார்.

அப்போது சோறு போட்ட தட்டு இவர் முன்னால் ஆறிக்கிடந்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து நிமிர்ந்து நின்று, "சாவ்தான்!" என்று பட்டாளத்து இந்தியில் ஒரு குரல் கொடுத்தார். குனிந்தே கிடந்த மனிதர் விறுக்கென்று எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. "கானா!" என்று அடுத்த குரல். சாப்பாடு என்று அர்த்தமாம். உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணாச்சி பட்டாளத்துலதான் இருக்காரும்மா. நாமதான் அங்க போயி கூப்பிடணும். இப்பம் நீங்க சொல்லுங்க பாப்போம்."

"நானா? அவியளையா?"

"நீங்கதான். நான் தெனமும் வர முடியுமா?"

சொன்னேன். ஆபீஸ்காரர் போதாது என்று தலையை ஆட்டினார். "இப்படி மெதுவாச் சொன்னா அது ஆர்டர் இல்லம்மா, மனு."

கொல்லையில் நின்று சொல்லிப் பழகி, பிறகு அவர் முன்னால் நின்றே கத்தினேன். எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷன் சவுதியில் இருக்கிறான். அவள்தான் முதலில் சிரித்தாள். "என்ன ஆச்சி, மாமாவ இந்த அதட்டு அதட்டுதிய! எனக்கு இங்கன கையில இருந்த கரண்டி விழுந்துட்டு. இத்தன வருசம் வாங்குனதுக்கு வட்டியோட திருப்பிக் குடுக்கியளாக்கும்?" நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னை ஒரு நாளும் அதட்டினதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

குளித்தார். சாப்பிட்டார். மாத்திரை போட்டார். மகள் இல்லம் பேச்சை எடுப்பதை நிறுத்தினாள். ஆனால் அவருக்கு நான் மேலதிகாரி ஆகிவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் என் முன்னால் வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைப்பார்.

"சாப், லீவு வேணும் சாப்."

"எதுக்கு?"

"வீட்டுல பொண்டாட்டி தனியா இருக்கா சாப். அவளுக்குப் பேசத் தெரியாது. கடையில போயி ஒரு சாமான் கேக்க மாட்டா."

முதல் தடவை கேட்டபோது நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ்காரரிடம் போய்ச் சொன்னேன். "லீவு மட்டும் குடுத்துராதீங்க" என்றார். அதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு மத்தியானம் அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசி ஸ்டேஷன் வரை போய்விட்டார். கொய்யாப்பழம் விற்கிற பெண் ஒருத்தி அடையாளம் தெரிந்து கூட்டிவந்து விட்டாள். "மஞ்சூர்னு சொன்னா லீவு குடுத்தாச்சுன்னு அர்த்தம். அந்த வார்த்தை மட்டும் உங்க வாயில வந்துரக் கூடாது. அடுத்த வாரம் பாப்போம்னு சொல்லுங்க."

அதன்படியே சொன்னேன். அவர் மறுபடியும் சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். என்னைப் பார்க்க வருவதற்கு அவர் கேட்ட லீவை, தினமும் நானே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டும் கால் எழும்பவில்லை. கட்டிலோடு கிடந்தார். படுத்தபடியே ஆர்டருக்கு வாய் திறந்து சாப்பிட்டார். சாப்பிட்டதும் லீவு கேட்பார். ஒரு நாள் சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினார். கை நெற்றி வரைக்கும் போகவில்லை, பாதியில் விழுந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விழுந்தது.

எழுந்து நடக்க முடியாத மனிதர் இனி எங்கே போய்விடுவார் என்று நினைத்தேன். "மஞ்சூர்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்படி ஒரு முகம் இருக்கும்.

மறுநாள் கஞ்சியோடு போய்க் குரல் கொடுத்தேன். அவர் அசையவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "நான் லீவுல இருக்கேன்லா" என்றார். அதற்கப்புறம் எந்த ஆர்டரும் அவருக்கு ஏறவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஆபீசுக்கு ஓடினேன். இந்தத் தடவை ஓரத்தில் உட்காரவில்லை. "லீவு குடுத்துட்டேன் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. "சரி, கேன்சல் பண்ணிருவோம். நான் வாரேன். யூனிட்ல இருந்து தந்தி வந்திருக்கு, உடனே திரும்பணும்னு சொல்லுதேன். கட்டாயம் கேப்பாரு. அந்தச் சொல்லுக்குக் கேக்காத பட்டாளத்தான் கிடையாது."

எனக்குத் தெரியும். மகள் பிறந்த வருஷம் அவர் லீவில் வந்த மறுநாளே அப்படி ஒரு தந்தி வந்தது. அடுப்பில் கூட்டாஞ்சோறு வெந்துகொண்டிருந்தது. "ஏட்டி, மூடி வையி, வந்து சாப்பிடுதேன்" என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். அடுத்த வருஷம்தான் வந்தார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

"சாப்பிடாம எத்தன நாளைக்கும்மா தாங்கும்?"

"தெரியல சார். இப்பந்தான் வீட்டுக்கு வந்துருக்காவ."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு டாக்டரை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். சொன்னபடி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கூட்டாஞ்சோறு வைத்தேன். குழையப் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் பழைய குரலில் "இந்தாங்க" என்றேன். வாசனை எட்டியதோ என்னவோ, வாயைத் திறந்தார். ரெண்டு வாய், மூணு வாய் உள்ளே போனது.

"அவ எங்க? வடகரைக்குப் போயிட்டாளா?" என்று கேட்டார். வடகரை என் பிறந்த ஊர். அவர் சொல்லாமல் வந்து நிற்கிற நாட்களில் நான் அங்கேதான் இருப்பேன்.

"ஆமா."

"ஆள் அனுப்பி வரச் சொல்லுங்க. லீவு கழியுதுல்லா."

"வந்துக்கிட்டிருக்கா" என்றேன்.

நான்தான் அவள் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என் நரைத்த தலையைப் பார்த்தார். யாரோ வயதான அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாரோ, சிரித்தார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. கார்த்திகை வரைக்கும் அந்த ரெண்டு மூணு வாயில்தான் ஓடியது. வாசலைப் பார்த்தபடி கிடந்தார். பார்த்தபடியே போனார்.

ஆபீஸ்காரர் பக்கத்து ஊர்ப் பட்டாளத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மாலையோடு வந்தார். எல்லோரும் தொப்பி வைத்து வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். பிறகு பென்ஷனை என் பெயருக்கு மாற்றுகிற வேலையெல்லாம் நான் வாய் திறந்து கேட்காமலே நடந்தது. "இனிம நீங்கதான் எங்க ஆளும்மா. கூச்சப்படாம வரணும்" என்றார். தலையை ஆட்டினேன்.

"உங்க சத்தமே இல்லாம தெருவே நல்லால்ல ஆச்சி" என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். இப்போதும் சோற்றை வடித்து இறக்கினதும் "கானா" என்று தொண்டை வரைக்கும் வருகிறது. தெருவுக்குக் கேட்டுவிடும் என்று விழுங்கிக்கொள்கிறேன்.