இத்வாலின் காரைக் கட்டிக்கொண்டவன்

யானைச் சீல்கள் என்ற கடல் விலங்குகள் எந்நேரமும் தூங்கும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இத்வால், பூமியின் தென்கோடியில் உள்ள வால்டெஸ் தீபகற்பத்துக் கடற்கரையில் காவலாளியாகச் சேர்ந்தான். சொன்னவர் கோடையில் வந்து பார்த்தவர். கோடையில் அவை பழைய தோலை உரித்துக்கொண்டு கிடக்கும். புரண்டு படுக்கவே யோசிக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஆண் சீல்கள் கரையேறி உறுமினால், அடுத்த சாவடியில் காவலாளியாக இருந்த எனக்கே தூக்கம் போய்விடும்.

இத்வாலுக்கு நாற்பத்தாறு வயது. ஞாயிறுதோறும் எழுபது கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய், பிராமிடெஸ் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த நெலிதாவைப் பார்ப்பான். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சவரம் செய்து சென்ட் அடித்துக்கொண்டு வெளியே வந்தான். காற்றுக்குப் பயந்து பாறையடியில் நிறுத்தியிருந்த சாம்பல்நிறக் காரின் முதுகில் ஒரு ஆண் சீல் கழுத்தைப் போட்டுப் படுத்திருந்தது. சுற்றிலும் எட்டுப் பெண் சீல்கள். 'பத்து மீட்டருக்குள் நெருங்காதீர்' என்ற பலகையை அங்கே அடித்தவனே இத்வால்தான்.

வயர்லெஸ்ஸில் நெலிதாவைக் கூப்பிட்டான். தீபகற்பத்துக்கே ஒரே அலைவரிசை, நானும் கேட்டேன்.

"இன்னைக்கு வர முடியல நெலிதா. கார் மேல ஆள் இருக்கான்."

"யாரு?"

"மூணு டன் இருப்பான். காரைப் பொண்டாட்டின்னு நெனச்சிட்டான்."

"காலையிலேயே குடிச்சியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நெசந்தாம்மா, இங்கேருந்தே தெரியுது" என்றேன்.

"நீங்க எதுக்கு நடுவுல?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு இத்வால் சொன்னான்: "எல்லாம் குட்டி போட்டிருக்கு நெலிதா."

"காருமா?"

மூன்று வாரப் பாலில் குட்டிகள் புளித்த மாவுபோல உப்பின. அதற்குள் அம்மாக்கள் ஆணோடு கூடிவிட்டு, குட்டிகளைக் கரையிலேயே போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போயின. ஆண் மட்டும் போகவில்லை. எதிரி வரும்போதெல்லாம் சண்டை. அடியில் பாதி கதவுக்கு.

அக்டோபர் கடைசியில் நெலிதாவே ரொட்டி வண்டியில் வந்து இறங்கினாள். இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இவன் என்ன சாப்பிடுறான்?"

"ரெண்டு மாசமா ஒண்ணும் இல்ல. காரை விட்டுப் போனா வேற எவனாவது வந்துருவான்ல?"

"ஒரு ஓட்டைக் காருக்காக இவன் பட்டினி கெடக்கான். உனக்கு எழுபது கிலோமீட்டர் தூரமாப் போச்சு. அன்னைக்கே நடக்க ஆரம்பிச்சிருந்தா எப்பவோ வந்திருக்கலாமே!"

இத்வால் தொப்பியைக் கழற்றினான். "என்னைக் கட்டிக்கிறியா?" என்றான். அதே நேரம் ஆண் உறுமியது.

"என்ன?"

"என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன்!" என்று கத்தினான். சுற்றுலா பஸ்ஸில் வந்திருந்த நாற்பது பேரும் திரும்பினார்கள்.

நெலிதா முகம் சிவந்துபோய், "கத்தாதடா, சரி" என்றாள்.

நவம்பரில் ஒரு நாள் அந்த ஆண், பாதியாய் இளைத்து, கடலில் இறங்கித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. கார் ஓடியது; ஆனால் நாற்றத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் நானும் ரொட்டி வண்டியில்தான் போனோம், கோட்டெல்லாம் மாவு.