மணக்குதோ?

சிட்னியில், ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஓர் ஈழத்து அன்ரியின் வீடு. கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு வாசனை தெரிவதில்லை. குளிர்காலக் கடைசியில், கையுறையோடு, வாசனைப் பூப் பூக்கும் டாஃப்னிச் செடியருகே நின்று, போகிறவர்களையெல்லாம் கேட்பார்: "மணக்குதோ?"

"விஷச் செடியாமே, எதுக்கு அன்ரி வளர்க்கிறீங்க?" என்றேன் ஒருநாள்.

"நீங்கள் மணக்குதெண்டு சொன்னாத்தான் தம்பி இது பூ. இல்லாட்டி எனக்கு வெறும் நஞ்சு."

ஒரு காலை ரயிலைப் பிடிக்கும் அவசரம். அவர் கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் "மணக்குது அன்ரி" என்றேன்.

"இன்னும் ஒரு மொட்டும் விரியேல்லைத் தம்பி."

பிறகு அவர் என்னைக் கேட்டதேயில்லை.

இந்த ஆகஸ்டில், குளிர் முடியும் நேரம், வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவெல்லாம் வாசனை. தினமும் அந்த வேலியருகே நின்று, முகர்ந்து, "மணக்குது அன்ரி" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலுக்குப் போகிறேன்.