ஆறு தரம் போதும்

ஒரு மார்கழியில் என் வலது கை நின்றுவிட்டது. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. வேலையில் மேல்தட்டில் கட்டில் விரிப்புகளை வைக்கப் போனேன். கை தோள் மட்டத்தோடு நின்றது. இடது கையால் தூக்கிவிட்டுப் பார்த்தேன். பூட்டிய கதவு மாதிரி இருந்தது.

ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே சலவைப் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை செய்தேன். பெரிய மெசினில் போட்டு எடுத்து, காயவைத்து, மடித்து, தட்டில் அடுக்க வேண்டும். தட்டுகள் கூரை வரைக்கும் போகும். கை மேலே போகாதவளுக்கு அங்கே என்ன வேலை?

வைத்தியர் ஊசி போட்டார். தோள் இறுகிவிட்டது, ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் இளகும் என்றார். வீட்டில் இருக்கச் சொல்லிக் கடிதம் தந்தார். சலவைப் பகுதியின் பொறுப்பாளர் தொலைபேசியில் நல்லபடியாகத்தான் பேசினார். சித்திரை கடைசியில் வேலைத்தல வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் வைத்திருக்கிறோம், அவர் கையைப் பார்த்து எழுதுவதை வைத்து முடிவெடுப்போம் என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. படித்தது ஏழாம் வகுப்பு. அந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

வீட்டில் தலைமுடி கட்டவும் கை வரவில்லை. கணவர்தான் கட்டினார். மன்னாரில் கடலுக்குப் போனவர். இங்கே வந்து பொதிகள் ஏற்றி இறக்கும் வேலை. அவருக்குத் தெரிந்தது வலை முடிச்சு ஒன்றுதான். அதையே என் தலையில் போட்டார். குளிக்கப் போகும்போது அவிழ்க்க முடியாமல் முடி கட்டிய றப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டினோம்.

"என்ர முடிச்சு புயலுக்கும் அவிழாது" என்றார்.

"எனக்குப் புயல் இல்லை. குளிக்கத்தான் வேணும்" என்றேன்.

மருத்துவக் காப்புறுதிக்காரர்கள் ஒரு வகுப்புக்கு எழுதித் தந்தார்கள். சிகோங் என்று பெயர். சீனர்களின் பழைய பயிற்சி. மூச்சோடு சேர்த்துக் கை காலை மெதுவாக அசைப்பது. செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சீனர் ஒருவர் வருவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். உயரமான ஜெர்மன் பெண் ஒருவர் நின்றார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். நாங்கள் பத்துப் பேர். கறுத்த தலை என்னுடையது மட்டும், அதுவும் வலை முடிச்சோடு.

முதல் பயிற்சிக்கு வானத்தைத் தாங்குவது என்று பெயர். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்து, மேலே கொண்டுபோய், உள்ளங்கையைத் திருப்பி, வானத்தைப் பிடிப்பது போல நிற்க வேண்டும். பிறகு மெதுவாக இறக்க வேண்டும். இது என் தோளுக்கென்றே செய்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு எழும்பி, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நின்று செய்தேன். எண்பது தரம். பின்னேரம் எழுபது தரம். வைத்தியர் ஆறுதலாக இளகும் என்றவர். எனக்கு ஆறுதலாக இருக்க நேரம் இல்லை. டெர்மின் இருந்தது. வேலையில் சலவை மூட்டை கூடினால் கூடுதல் நேரம் நின்று முடிப்பேன். இதையும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன்.

கணவர் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"என்னப்பா, வானம் விழப்போகுதெண்டு ஆரும் சொன்னவையோ?"

"பேசாம இருங்கோ. எண்ணிக்கை தப்புது."

"நீர் பிடிக்கிற பிடியில வானத்துக்குத்தான் நோகும்."

நொந்தது எனக்குத்தான். மூன்றாவது கிழமை கை இடுப்புக்கு மேலேயே வரவில்லை. சட்டை போட முடியவில்லை.

"முந்தித் தலை மட்டும்தான் என்ர வேலை. இப்ப சட்டையும் நான்தான்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பொத்தான் பூட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் பயம்.

அந்தச் செவ்வாய் ஆசிரியை என் கையைப் பார்த்தார். வீட்டில் எத்தனை தரம் செய்கிறீர்கள் என்று கேட்டார். நூற்றைம்பது என்றேன். பாராட்டுவார் என்று எண்ணினேன்.

"ஆறு" என்றார்.

நோகத் தொடங்கும் இடம் எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் இருந்து கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். உங்கள் அளவு இதுதான், நூற்றுக்கு எழுபது வீதம், மிச்சத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள் என்றார்.

வீட்டுக்குப் போகும் ட்ராமில் அதையே யோசித்தேன். முப்பது வீதத்தை மிச்சம் வைப்பதா? எங்கே வைப்பது? என் வாழ்க்கையில் எதையாவது எழுபதோடு விட்டேனா? ஒருத்தி வராவிட்டால் அவள் வேலையையும் செய்தேன். காய்ச்சலோடும் போனேன். அகதியாக வந்த இடத்தில் முழுதாகக் கொடுத்தால்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஆறு தரம் செய்வது நூற்றைம்பதைவிடக் கஷ்டம். மெதுவாகச் செய்ய எனக்கு வராது. எண்ணினால் எண்ணிக்கை ஓடும், கையும் பின்னால் ஓடும். கடைசியில் செபத்தைப் பிடித்தேன். மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதிக்குக் கை மேலே, இரண்டாம் பாதிக்குக் கை கீழே. சுவரில் மாதா படம் இருந்தது. சீனப் பயிற்சிக்கு நம்முடைய செபம் சரியா என்று கோயில் பங்குச் சுவாமியிடம் கேட்கவில்லை. மாதாவுக்குப் பிள்ளை தூக்கிய கை. தோள் நோவு தெரியாதா?

செபமாலையை நாங்கள் ஓட்டமாகச் சொல்வோம். 'மரண நேரத்திலும்' என்ற சொல்தான் காதில் நிற்கும். மெதுவாகச் சொன்னபோதுதான் அதற்கு முன்னால் 'இப்பொழுதும்' என்று ஒரு சொல் கிடப்பதைக் கண்டேன். ஐம்பது வருடமாகச் சொல்லியும் கண்டதில்லை. கை இறங்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன்.

கை மெல்ல மெல்ல வந்தது. தோள், பிறகு நாடி, பிறகு காது. சித்திரையில் காதோடு நின்றது.

டெர்மின் அன்று காலை கணவர் தலை கட்டிவிட்டுச் சொன்னார்.

"பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒருக்காத் தூக்கிப்போடும். ஒரு நிமிசம்தானே. பிறகு வீட்ட வந்து அழலாம்."

"ஓம்" என்றேன். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

வைத்தியர் இளம் ஆள். கையைத் தூக்கச் சொன்னார். வாய்க்குள் செபத்தைத் தொடங்கினேன். கை மேலே போனது. காது வந்தது. நோவு தொடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்தால் இன்னும் ஒரு சாண் போயிருக்கும். வேலையும் அப்படியே இருந்திருக்கும். அடுத்த நாள் மேல்தட்டு. அதற்கடுத்த நாளும் மேல்தட்டு.

நிறுத்தினேன்.

"இன்னும் போகாதா?" என்று கேட்டார்.

"போகும். நான் விடமாட்டேன்" என்றேன். என் ஜெர்மன் அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

வாசலில் கணவர் நின்றார். "தூக்கினீரோ?"

"காது வரைக்கும்தான்."

அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு நடந்தார். இரண்டு கிழமை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தபால் பெட்டியை அவர்தான் முதலில் போய்ப் பார்த்தார்.

வேலையிடத்தில் இருந்து கடிதம் வந்தது. தோளுக்கு மேலே பாரம் தூக்கக் கூடாது, மடிக்கும் மேசையில் வேலை செய்யலாம் என்று இருந்தது. கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தேத்தண்ணி போடப் போனார்.

இப்போது மேசையில் துவாய் மடிக்கிறேன். பெரிய மெசின் பக்கம் என் வேலை இல்லை. உயரமான ஒருத்தி வந்திருக்கிறாள், மேல்தட்டு அவளுடையது. முதல் நாட்களில் அவள் அடுக்கும் விதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை துடித்தது. கட்டுகளைக் கோணலாக வைப்பாள். நான் அடுத்த துவாயை எடுத்து மடிப்பேன்.

கொண்டை இப்போது நானே போடுகிறேன். பதிவாக, கழுத்தோடுதான் வருகிறது.

காலையில் ஆறு தரம் வானத்தைத் தாங்குகிறேன். ஏழாவது தரத்துக்குக் கை தானாக எழும்பப் பார்க்கும். இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறேன்.